ஜர்னைல் சிங்கை முன்னே அனுப்பிய கணக்கு

பெஞ்சில் ஆள் இல்லை. வேம்பார் தொடங்கி வைப்பார், தருவைகுளம் வழியாகத் தெற்கே மணப்பாடு வரை இந்தக் கரையில் கால்பந்து கற்றுத்தரும் யாரிடம் பேசினாலும் முதலில் வரும் குறை இதுதான். பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்திருப்பார்கள். ஆட்டத்தன்று இரண்டு பேர் வள்ளத்தில் போயிருப்பார்கள், ஒருவன் திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்திருப்பான், இன்னொருவனுக்குக் கல்லூரித் தேர்வு. பதினோரு பேரைத் தேற்றி இறக்கினாலே பெரிய காரியம் என்றாகிவிடுகிறது. அந்த அணி இடைவேளையில் ஒரு கோல் பின்தங்கி நிற்கும்போது பயிற்றுநர் என்ன செய்ய முடியும்? ஆளை மாற்ற வழியில்லை. இருக்கிறவர்களின் இடத்தை மாற்றலாம். இந்த இதழில் நான் பேச விரும்புவது அந்த இடமாற்றத்தைப் பற்றித்தான்.

ஆளை மாற்றவே விதி இடம் தராத காலம் ஒன்று இருந்தது. உலகக் கோப்பையிலேயே மாற்று வீரர் 1970-இல்தான் வந்தார். அதற்கு முன் ஒரு பயிற்றுநரின் தந்திரம் என்பது பெரும்பாலும் பதினோரு பேரை எங்கெங்கே நிறுத்துவது என்பதற்குள் அடங்கியது. அந்தக் காலத்தில் நம் நாட்டு அணியில் நடந்த ஆகப் பெரிய இடமாற்றம் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பயிற்றுநர் சையது அப்துல் ரஹீம் செய்தது. 2024-இல் வந்த ‘மைதான்’ திரைப்படத்துக்குப் பிறகு ரஹீமின் பெயர் நம் பையன்களுக்கும் தெரிகிறது. படம் பார்த்துக் கண் கலங்கியவர்கள் உண்டு, நானும்தான். ஆனால் பயிற்றுநர்கள் அந்த வெற்றியை வேறு விதமாக, பிரித்துப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்றோம். அடுத்து தாய்லாந்தை 4-1 என வென்றோம். அந்த ஆட்டத்தில் ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டு ஆறு தையல் போட்டார்கள். ஜப்பானை 2-0 என வென்று அரையிறுதிக்குப் போனபோது ரஹீமின் முன் இருந்த கேள்வி எளிதானதல்ல. ஆசியாவின் மிகச் சிறந்த ஸ்டாப்பர்களில் ஒருவர் தலையில் தையலோடு இருக்கிறார். அவரை உட்கார வைத்தால் அணியின் முதுகெலும்பு போகும். பழைய இடத்திலேயே நிறுத்தினால் உயரப் பந்துக்கெல்லாம் தலை கொடுத்தாக வேண்டும். ரஹீம் அவரை சென்டர் ஃபார்வேர்டாக முன்னே அனுப்பினார். தென்வியட்நாமுக்கு எதிரான அரையிறுதி 3-2 என முடிந்தது. சுனி கோஸ்வாமி இரண்டு கோல், ஜர்னைல் ஒன்று.

செப்டம்பர் 4-ஆம் தேதி இறுதி ஆட்டம். எதிரில் மறுபடியும் தென்கொரியா. இந்தியாவுக்கு எதிராகக் கத்திக்கொண்டிருந்த பெருங்கூட்டம் செனாயன் மைதானம் முழுக்க. 17-ஆவது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி அடித்தார். 20-ஆவது நிமிடத்தில் ஜர்னைல் அடித்தார். கடைசி நிமிடங்களில் கொரியா ஒன்றைத் திருப்பியது. 2-1. தங்கம்.

இந்த வெற்றியைச் சொல்லும்போது எல்லோரும் ஜர்னைலின் கோலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் விட்டுப்போன இடம். நடுப்பின்களத்தை அருண் கோஷ் எடுத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் சந்திரசேகரும் திரிலோக் சிங்கும். அந்த மூவரும் அந்த இடத்தை அடைக்கத் தெரிந்தவர்களாக இல்லாமல் போயிருந்தால் ஜர்னைல் முன்னே அடித்த கோலுக்குப் பின்னே இரண்டு வாங்கியிருப்போம். இடமாற்றம் என்பது எப்போதும் குறைந்தது இரண்டு இடங்களின் மாற்றம். ஒருவரை முன்னே அனுப்பும் துணிச்சல் நிறையப் பயிற்றுநர்களிடம் இருக்கிறது. காலியான இடத்தில் யார், அவருடைய பழைய இடத்தில் யார் என்ற அடுத்த இரண்டு கேள்விகளுக்கு முந்தின வாரமே விடை வைத்திருப்பவர்கள் குறைவு.

வேம்பார்ப் பக்கம் ஒரு திருவிழா டோர்னமெண்டில் கண்ணெதிரே பார்த்தேன். 0-1. கால் மணி நேரம் பாக்கி. பயிற்றுநர் கோட்டுக்கு வெளியே நின்று, “எலே, நீ மேல ஏறுல!” என்று ஸ்டாப்பரைப் பார்த்துக் கத்தினார். பையன் நல்ல உயரம், ஓட்டமும் உண்டு. அவன் ஏறினான். அவனுக்கு இடப்பக்கம் நின்ற பேக் நகரவில்லை, ஏனென்றால் நகரச் சொல்லி யாரும் அவனிடம் சொல்லவில்லை. நடுக்களத்தில் பந்து பறிபோனது. எதிரணி நீளமாக ஒரு உதை உதைத்தது. ஸ்டாப்பர் இருந்த இடத்தில் மணல் மட்டும் கிடந்தது. 0-2. அந்தப் பயிற்றுநரின் யோசனை தவறே இல்லை. ரஹீம் செய்ததில் பாதியை அவர் செய்தார், அவ்வளவுதான். மறுபாதி கோட்டுக்கு வெளியே நின்று கத்திச் செய்யக்கூடியதல்ல, பயிற்சியில் செய்து முடித்திருக்க வேண்டியது.

ரஹீமுக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. ஜர்னைல் கல்லூரி நாட்களில் முன்களத்தில் ஆடியவர். அதைத் தெரிந்து வைத்திருந்த பயிற்றுநருக்குத்தான் அவசரத்தில் அது கைகொடுத்தது. அதே அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜின் கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, ஹைதராபாத்தில் பிறந்தவர். ராணுவத்தில் சேர்ந்து மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணிக்கு முதலில் சென்டர் ஃபார்வேர்டாக ஆடியவர். பிறகுதான் கோல் கம்பத்துக்கு நடுவே வந்தார். நீலகிரியின் வெலிங்டனில் இருந்து போன அந்த அணி 1955-இலும் 1958-இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. முன்களத்தில் ஆடியவருக்கு எதிராளி எப்போது உதைப்பான் என்பது உடம்பிலேயே ஏறியிருக்கும். ஜகார்த்தாவில் காய்ச்சலில் கிடந்த தங்கராஜை இறுதி ஆட்டத்துக்கு ரஹீம் மறுபடி கம்பத்துக்குள் நிறுத்தினார். கொரியர்களின் உயரப் பந்துக்கு அந்த உயரம் வேண்டியிருந்தது.

ஆகவே நம் பயிற்றுநர்களிடம் நான் வற்புறுத்திக் கேட்பது இது. பத்து வயதுப் பையனைப் பார்த்ததும் “இவன் பேக், இவன் கீப்பர்” என்று முத்திரை குத்திவிடாதீர்கள். உயரமாக இருக்கிறான் என்பதற்காகப் பின்னே நிறுத்தப்பட்டவன் பதினாறு வயதுவரை எதிர்கோல் பக்கமே போகாமல் வளர்கிறான். அவனை ஒரு நாள் திடீரென்று முன்னே அனுப்பினால் கோலுக்கு முதுகு காட்டிப் பந்து வாங்கக்கூடத் தெரியாது. ரஹீம் ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் பயிற்றுவித்த ஹைதராபாத் போலீஸ் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. பந்தை வைத்துக்கொண்டு டிரிபிள் செய்யக்கூடாது என்ற விதியோடு ஒரு போட்டி, பழகாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று ஒரு போட்டி என்று அவர் நடத்தியவை இன்றைக்கும் காசு செலவில்லாமல் நம் மணலில் நடத்தக்கூடியவை. அத்தோடு நான் சேர்க்க விரும்புவது, வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொருவரும் தன் இடத்தை விட்டு வேறிடத்தில் ஆட வேண்டும் என்பது. அன்றைய ஆட்டம் பார்க்க அலங்கோலமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

ரஹீம் 1956 ஒலிம்பிக்குக்கு அணியை மெல்போர்னுக்கு அழைத்துப் போனார். நெவில் டிசோசா மூன்று கோல் அடிக்க, ஆஸ்திரேலியாவை அவர்கள் ஊரிலேயே 4-2 என வென்று நான்காம் இடம் பெற்றோம். ஆனால் மெல்போர்ன்காரர்கள் உயிரை விடுவது நம் கால்பந்துக்கு அல்ல. அவர்களுடைய ஆட்டத்தில் முட்டை வடிவப் பந்து, நீள்வட்ட மைதானம், அணிக்கு 18 பேர், நான்கு கால்பகுதிகள். பெரிய கோலுக்கு ஆறு புள்ளி, பக்கத்துக் கம்பங்களுக்கு இடையே போனால் ஒன்று. பந்தை உதைக்கலாம், அல்லது ஒரு கையில் வைத்து மறுகை முஷ்டியால் குத்தி அனுப்பலாம். இடமாற்றத்தை அவர்கள் ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். நமக்கு உதவக்கூடிய இரண்டு ஆட்டங்களை மட்டும் சொல்கிறேன்.

1970 இறுதி ஆட்டம். பார்க்க வந்தவர்கள் 1,21,696 பேர். இடைவேளையில் காலிங்வுட் அணியைவிட கார்ல்டன் 44 புள்ளி பின்னே. கார்ல்டன் பயிற்றுநர் ரான் பராசி இரண்டு காரியம் செய்தார். பெஞ்சில் இருந்த டெட் ஹாப்கின்ஸ் என்ற சிறிய உருவக்காரரை இறக்கினார். கூடவே, பந்தை நீளமாக உதைத்துத் தள்ளாமல் முஷ்டியால் குத்திக் குத்தி ஓடிவருபவனிடம் கொடுங்கள் என்று மொத்த அணிக்கும் சொன்னார். ஹாப்கின்ஸ் நான்கு கோல் அடித்தார். கார்ல்டன் 111, காலிங்வுட் 101. நான் கவனிக்கச் சொல்வது பராசியின் கட்டளையின் அளவை. இடைவேளையில் மூச்சிரைத்துத் தண்ணீர் குடிக்கும் பையனிடம் ஏழு திருத்தம் சொன்னால் ஒன்றும் ஏறாது. ஒரே ஒரு பழக்கத்தை மாற்றச் சொன்னார். அதைச் செய்ய எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

1984 இறுதி ஆட்டம். கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது ஹாதோர்னிடம் எசெண்டன் 23 புள்ளி பின்னே. எசெண்டன் பயிற்றுநர் கெவின் ஷீடி பின்களக்காரர்களை முன்னே அனுப்பினார். அந்தக் கால்பகுதியில் மட்டும் ஒன்பது கோல். 105-81 என வெற்றி. பின்னே இருந்து முன்னே போன பில்லி டக்வொர்த்துக்கு ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம். ஜகார்த்தாவில் நடந்ததற்கு இது எவ்வளவு நெருக்கமான உறவு என்று பாருங்கள். முன்களக்காரனின் நடையைப் பின்களக்காரன் ஆட்டம் முழுக்கப் படித்துக்கொண்டே இருக்கிறான். அவனை அந்த இடத்தில் கொண்டுபோய் விட்டால், எதிரணியின் பேக் எதற்குப் பயப்படுவான் என்பது அவனுக்குத் தெரியும்.

அங்கே கால்பகுதிக்கு ஒருமுறை பக்கம் மாறுவதால் காற்று ஒரு தனிக் கணக்கு. நம் கரையிலும் அப்படித்தான் இருக்க வேண்டும். கச்சான் அடிக்கும் மாதங்களில் கடலோர மைதானத்தில் ஆடியவர்களுக்குத் தெரியும், கோல்கிக் நடுக்கோட்டைத் தாண்டாமல் திரும்பிவிடும். ஆனாலும் டாஸ் வென்ற கேப்டன் யோசிக்காமல் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டு வருகிறான். 2019 முதல் டாஸ் வென்றவர் எந்தக் கோலைத் தாக்குவது என்பதையோ, முதல் உதையையோ தேர்ந்தெடுக்கலாம். மாலை சாயச் சாயக் காற்று தணியும் நாள் என்றால் முதல் பாதியிலேயே காற்றோடு ஆடுங்கள். காற்று முதுகில் இருக்கும்போது நீளப் பந்து கூடாது, எல்லாம் கோட்டைத் தாண்டி ஓடிவிடும். ஷூட் செய்யலாம், தூரத்திலிருந்தே செய்யலாம். காற்றுக்கு எதிரே ஆடும்போது பந்து தரையை விட்டு எழக்கூடாது. இதைச் சொல்லிக்கொடுக்கக் கடலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளைவிட நல்ல மாணவர்கள் கிடைக்கமாட்டார்கள்.

இனி, ஜகார்த்தாவில் நடந்ததில் நாம் எடுத்துக்கொள்ளவே கூடாத ஒன்று. தலையில் ஆறு தையலோடு ஒருவர் ஆடினார். அன்றைய மருத்துவ அறிவு அவ்வளவுதான். ஜர்னைலின் துணிவின் மீது எனக்கு அளவற்ற மரியாதை உண்டு. இருந்தாலும் இன்று எந்த வேம்பார்ப் பையனும் அடிபட்ட தலையோடு அடுத்த ஆட்டத்தில் இறங்கக்கூடாது. முன்களத்திலும் கூடாது, கம்பத்துக்குள்ளும் கூடாது. ஆஸ்திரேலியர்களின் தொழில்முறைப் போட்டியில் 2021 முதல் தலையதிர்வு உறுதியானால் குறைந்தது 12 நாள் ஆடமுடியாது. நம் கால்பந்திலும் தலையதிர்வுக்கெனத் தனி மாற்று வீரரை 2024 முதல் விதிப்புத்தகமே அனுமதிக்கிறது.

இந்தக் கரையில் முத்துக்குளிக்கப் போனவர்கள் தம் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்பார்கள். தங்கை வாழ்க்கை அதில் இருப்பதால் இழுக்க வேண்டிய நேரத்தில் தவறாமல் இழுப்பான் என்ற நம்பிக்கை. கீழே இருப்பவன் கயிற்றை அசைப்பான், மேலே இருப்பவன் இழுப்பான். மைதானத்தில் இருப்பவன் அசைக்கவே மாட்டான். “ஒண்ணுமில்ல சார், ஆடுதேன்” என்றுதான் சொல்வான். தலை சுற்றினாலும் சொல்வான். ஊர் பார்க்கிறது, அப்பா பார்க்கிறார், எப்படி வெளியே வருவான்? அதனால் அவன் வாய்ச்சொல்லைக் கேட்டு நீங்கள் முடிவெடுக்கக் கூடாது. வெளியே எடுங்கள். பத்துப் பேரோடு ஆடுங்கள். அந்த ஆட்டம் தோற்றால் தோற்கட்டும்.

ரஹீம் ஜகார்த்தா முடிந்து ஓராண்டு இருக்கவில்லை. நுரையீரல் புற்றுநோயால் 1963 ஜூன் 11-இல் காலமானார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா வாங்கிய இரண்டு தங்கங்களும், 1951-இல் டெல்லியிலும் 1962-இலும், அவர் பயிற்றுவித்த அணிகள் வாங்கியவை. அதற்குப் பிறகு இன்றுவரை தங்கம் இல்லை. அவருடைய பயிற்சி முறைகள் எழுத்தில் முழுமையாக நம்மிடம் வந்து சேரவில்லை என்பது என் நீண்டகால வருத்தம். நம் மாவட்டத்திலும் அதே நிலைதான். கோட்டுக்கு வெளியே நின்று அருமையான முடிவுகளை எடுத்த எத்தனையோ மாஸ்டர்களின் ஆட்டங்கள் டீக்கடைப் பேச்சில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு மறைந்துபோயின.

அதனால் அடுத்த இதழிலிருந்து ஒரு பகுதியை உங்களுக்கு ஒதுக்குகிறோம். இந்த சீசனில் நீங்கள் செய்த ஒரே ஒரு இடமாற்றத்தை எழுதி அனுப்புங்கள். வெற்றியா தோல்வியா என்பது முக்கியமல்ல, தோற்றவை இன்னும் நன்று. எத்தனையாவது நிமிடம், அப்போது ஸ்கோர் என்ன, காற்று எந்தப் பக்கம், யாரை எங்கிருந்து எங்கே அனுப்பினீர்கள், அவர் விட்டுப்போன இடத்தில் யார் நின்றார், அந்த ஏற்பாட்டைப் பயிற்சியில் முன்பே செய்து பார்த்திருந்தீர்களா என்பவை இருந்தால் போதும். பையன்களின் பெயர் வேண்டாம், ஆடிய இடத்தைக் குறிப்பிட்டால் போதும். படம் வரையத் தெரிந்தவர்கள் ஒரு தாளில் கோடு போட்டு அனுப்புங்கள். தெரியாதவர்கள், இடைவேளையில் குதிகாலால் மணலில் கீறிக் காட்டுவீர்களே, அதை செல்போனில் படம் எடுத்து அனுப்பினாலும் அச்சிடுவோம்.