தண்ணீர் எங்கே போகிறது?



பரந்தன் - முல்லைத்தீவு வீதியை அண்டிய ஒரு கிராமத்துக்கு அண்மையில் வீட்டுத் தரிசிப்புக்காகப் போயிருந்தேன். நான் சந்திக்கப் போன அக்கா பள்ளிக்கூட வான் ஓட்டுபவர். 2009இல் கணவரை இழந்தவர். இரண்டு பிள்ளைகளையும் அந்த வான்தான் படிப்பிக்கிறது. நான் படலையைத் திறந்தபோது அவர் வானின் முன்பக்கம் குனிந்து, ஒரு போத்தலில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"விடிஞ்சால் ஒரு போத்தல் தண்ணி குடிக்குது தங்கச்சி. கிழவிக்குத் தாகம்" என்று சொல்லிச் சிரித்தார்.

"எத்தினை நாளா அக்கா?"

"மூண்டு கிழமை இருக்கும். கராச்சுக்கு ஒருக்காப் போனனான். வீட்டில ஆம்பிளையள் இருந்தால் வரச்சொல்லுங்கோ, அவையோட கதைக்கிறம் எண்டிச்சினம். பிறகு றேடியேற்றரையே மாத்தவேணும் எண்டிச்சினம். விலையைக் கேட்டிட்டுத் திரும்பி வந்திட்டன்."

அந்தக் 'கிழவி'க்கு முப்பது வயதுக்கு மேல். 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்ததும் உங்களுக்குத் தெரியும். திறந்த பிறகும் அந்த விலைகள் எங்கள் கைக்கு எட்டுபவை அல்ல. ஆகவே வன்னியில் பல குடும்பங்களின் சோறு பழைய வாகனங்களில்தான் தங்கியிருக்கிறது. அந்த வானில் தினமும் பதினொரு பிள்ளைகள் ஏறுகிறார்கள். நடுவழியில் அது கொதித்து நின்றால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். என் இடது முழங்கையில் அதற்கு ஒரு வடு இருக்கிறது.

நான்கு வருடங்களுக்கு முன்னர் விசுவமடுவுக்கு அருகில் நான் ஓட்டிவந்த வாகனம் சூடேறி நின்றது. கூட வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, எனக்கும் தெரியும் என்று காட்டும் அவசரத்தில் றேடியேற்றர் மூடியைத் துணியால் பிடித்துத் திருகினேன். கொதிநீர் ஆளுயரத்துக்கு எழும்பியது. முகம் தப்பியது கடவுள் செயல்.

அதனால் மற்றவை எல்லாவற்றுக்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சூடான இயந்திரத்தின் றேடியேற்றர் மூடியைத் திறக்கவே கூடாது. அது நம் வீட்டுப் பிறஷர் குக்கரைப் போன்றது. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது, ஏறத்தாழ 120 பாகை வரை தாங்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் போய், தண்ணீர் ஆவியாகிச் சீறும். ஆவி அடங்காத குக்கரை நீங்கள் திறப்பீர்களா? குறைந்தது ஒரு மணித்தியாலம் ஆறவிடுங்கள். பொனற்றிலும் மேல் ஹோசிலும் கை வைத்துச் சூடில்லை என்றால் மட்டும் திறவுங்கள். தவறிச் சுட்டுவிட்டால் 20 நிமிடங்கள் ஓடும் தண்ணீரில் பிடித்துவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். பற்பசையும் வேண்டாம், நல்லெண்ணெயும் வேண்டாம்.

இந்த விடயங்களை எனக்குப் பிறகு பொறுமையாகச் சொல்லித் தந்தவர் என் பெரியப்பா. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோலைக் கண்ணால் காண்பதே அரிதாக இருந்தபோது, சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஏ-40 கார் ஓட்டிய தலைமுறை அவருடையது. உதிரிப்பாகம் வாங்கக் கடை இல்லாத காலம் அது. எதையும் மாற்றுவதற்கு முன் எது பழுது என்று கண்டுபிடித்தே ஆகவேண்டும். "தண்ணி எங்க போகுது எண்டு பாராமல் ஊத்திறவன் வாளிக்குத்தான் வேலை குடுக்கிறான்" என்பார்.

அன்று மாலை பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தபின், அக்காவும் நானும் தேடத் தொடங்கினோம். வானை மட்டமான இடத்தில் நிறுத்தி, கைத்தடையைப் போட்டு, சில்லுகளுக்குக் கல் வைத்தோம். ஒரு பெரிய காட்போட் மட்டையை முன்பக்கத்தின் அடியில் விரித்துவிட்டோம். இரவு முழுக்க அது அப்படியே கிடக்கட்டும் என்றேன்.

காலையில் போனபோது மட்டையில் ஒரு பக்கமாக ஈரவட்டம் ஒன்று இருந்தது. இங்கே கவனம் வேண்டும். ஏசி போட்டு ஓடிய வாகனத்தின் அடியில் நிறமோ மணமோ இல்லாத தண்ணீர் சொட்டினால் பயப்படத் தேவையில்லை. கறுப்பாகவோ மண்ணிறமாகவோ பிசுபிசுத்தால் அது ஒயில். பச்சை அல்லது இளஞ்சிவப்பு நிறமும், வழுக்கலும், இனிப்பு வாசமும் இருந்தால் கூலன்ற். அக்காவின் வானில் மூன்று கிழமையாகக் கிணற்றுத் தண்ணீரே ஊற்றியதால் பச்சை வெளிறிப்போயிருந்தது. ஆனாலும் விரலில் வழுக்கியது.

தண்ணீர் கீழ்நோக்கித்தான் ஓடும். ஆகவே சொட்டிய இடத்திலிருந்து மேல்நோக்கித் தேடவேண்டும். ரோச் லைற்றுடன் ஒவ்வோர் இடமாகப் பார்த்தோம். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், அவற்றைப் பிடித்திருக்கும் கிளிப்புகள், றேடியேற்றரின் பொருத்துகள், தண்ணீர்ப் பம், கடைசியில் மூடி. கசிந்து காய்ந்த இடம் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்ததுபோல் இருக்கும். கீழ் ஹோஸ் றேடியேற்றரில் பூட்டும் இடத்தில் அந்த உப்பைக் கண்டதும் அக்கா, "இந்தா, இஞ்ச!" என்று சின்னப்பிள்ளைபோலக் கத்தினார். கிளிப் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. ஹோசின் நுனியில் சிறு வெடிப்பு. றேடியேற்றரில் ஒரு குறையும் கண்ணுக்குத் தெரியவில்லை.

குளிர்ந்த இயந்திரம்தான். பேசன் ஒன்றைக் கீழே வைத்து, குறட்டால் கிளிப்பைக் கழற்றி, ஹோசை இழுத்து எடுத்தோம். வெடிப்பு நுனியில் மட்டும் இருந்ததாலும் ஹோசில் நீளம் மிச்சம் இருந்ததாலும், ஓர் அங்குலம் வெட்டிவிட்டுப் புதுக் கிளிப் போட்டு இறுக்கினோம். நீளம் போதாவிட்டால் வெட்டக்கூடாது, புது ஹோஸ்தான் வாங்கவேண்டும். கிளிப்பின் விலை சில நூறு ரூபாவைத் தாண்டவில்லை.

கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. மூன்று நாள் கழித்து அக்கா தொலைபேசியில், "இன்னும் கொஞ்சம் குறையுது தங்கச்சி. ஆனால் மட்டை காஞ்சுபோய்க் கிடக்குது" என்றார். கீழே சொட்டவில்லை என்றால் இரண்டு வழிகளைச் சந்தேகிக்கவேண்டும். ஒன்று, தண்ணீர் இயந்திரத்துக்குள்ளேயே போவது. புகைபோக்கியில் வெள்ளைப்புகை நிற்காமல் வரும், அல்லது ஒயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால்தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். அப்படியானால் வாகனத்தை ஓட்டவே வேண்டாம், அது கராச் வேலை. மற்றது, மூடி அழுத்தத்தைப் பிடிக்காமல் ஓடும்போதே ஆவியாகப் போவது. அக்காவின் வானில் மூடியின் உள்றப்பர் காய்ந்து வெடித்திருந்தது. மூடியில் பொறித்திருந்த அதே அழுத்த அளவில் புது மூடி வாங்கிப் போட்டோம். அதன்பிறகு தண்ணீர் குறையவில்லை.

எங்கள் பகுதியில் சொல்லும் கைமருந்துகளைப் பற்றியும் கேட்பீர்கள். மஞ்சள்தூள், மிளகுதூள், முட்டை வெள்ளைக்கரு என்று றேடியேற்றருக்குள் போடுவார்கள். ஊசித்துவாரம் சில வேளை அடைபடும் என்பது உண்மை. ஆனால் துவாரத்தை அடைக்கும் அதே பொருள் உள்ளே இருக்கும் ஒடுங்கிய குழாய்களையும் அடைக்கும். கடையில் விற்கும் அடைப்பு மருந்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். காட்டுப் பாதையில் அகப்பட்டு வீடு சேர வேறு வழியே இல்லை என்றால் மட்டும் யோசியுங்கள். பழைய பித்தளை றேடியேற்றர் என்றால் ஈயம் பற்றவைக்கலாம். பிளாஸ்ரிக் தொட்டி வெடித்தால் பசை சில நாட்களுக்குத்தான் தாங்கும்.

கிணற்றுத் தண்ணீரும் நிரந்தரத்துக்கு உதவாது. கிளிநொச்சி, வவுனியாப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் கடினநீர். உங்கள் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவைப் பாருங்கள், றேடியேற்றருக்குள்ளும் அதுதான் படியும். வடித்த நீருடன் கூலன்ற்றைச் சரிபாதியாகக் கலந்து ஊற்றுவது பொதுவான முறை. எங்கள் ஊரில் தண்ணீர் உறையாது என்றாலும், துருவைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவும் அது தேவை. மெதுவாக நிரப்பி, சிறிது ஓட்டி, நன்றாக ஆறவிட்டு, மட்டத்தை மீண்டும் பாருங்கள். கழித்த கூலன்ற் நஞ்சு. இனிப்பாக இருப்பதால் நாயும் பிள்ளையும் வாய்வைக்கக்கூடும். முற்றத்திலோ கிணற்றடியிலோ ஊற்றாமல், மூடிய கலனில் போட்டுக் கராச்சில் கொடுங்கள்.

சகோதரிகளே, 1888 ஓகஸ்ட்டில் ஜேர்மனியில் பேர்த்தா பென்ஸ் என்ற பெண், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியில், அவருக்குச் சொல்லாமலே இரண்டு மகன்மாரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். வவுனியாவில் புறப்பட்டால் ஆனையிறவு வந்துவிடும். உலகில் மோட்டார் வண்டியில் முதன்முதல் நெடும்பயணம் போனவர் அவர்தான். வழிநெடுக இயந்திரத்துக்குத் தண்ணீர் ஊற்றினார். அடைத்த எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். தடைக்கட்டைக்குச் செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் அடித்தார். மோட்டார் வண்டியின் முதல் நெடும்பயணத்திலேயே பழுது பார்த்தவர் ஒரு தாய். பிறகு எப்படி அது ஆண்களின் வேலையாயிற்று?

பல்கலைக்கழகத்தில் உழைப்புப் பிரிவினை பற்றிப் படித்தபோது பரீட்சைக்காக எழுதியதை, அந்த முற்றத்தில் நின்றபோதுதான் விளங்கிக்கொண்டேன். எம்மைப் போன்றவர்கள் வாழ்வாதார உதவி என்று தையல் இயந்திரம் கொடுக்கிறோம், தண்ணீர்ப் பம் கொடுக்கிறோம், கடன் கொடுக்கிறோம். பழுதானால் எங்கே பார்ப்பது என்று சொல்லிக் கொடுப்பதில்லை. ஆறு மாதத்தில் அவை வீட்டு மூலையில் துணி மூடிக் கிடப்பதை எத்தனை வீடுகளில் கண்டிருக்கிறேன்! பிறகு இன்னொரு திட்டத்தில் இன்னொன்று கொடுக்கிறோம். பெரியப்பா சொன்ன வாளிக்காரர் நாங்களும்தான்.

எல்லாவற்றையும் வீட்டில் திருத்த முடியாது. தண்ணீர்ப் பம்மும் ஹெட் கஸ்கற்றும் தொழில் தெரிந்தவரின் கைக்கே உரியவை. ஆனால் என்ன பழுது என்று தெரிந்துகொண்டு கராச்சுக்குப் போவது வேறு, கையைப் பிசைந்துகொண்டு போவது வேறு. உள்ளே படிந்ததைக் கழுவிக்கொள்ளச் சென்ற கிழமை அக்கா அதே கராச்சுக்குப் போனார். "கீழ் ஹோசும் மூடியும் நாங்கள் பாத்திட்டம். உள்ளுக்கு ஒருக்காக் கழுவித் தாங்கோ. பழைய தண்ணி என்ன நிறத்தில வருது எண்டு எனக்குக் காட்டவேணும்" என்றாராம். இம்முறை வீட்டு ஆம்பிளையை யாரும் கேட்கவில்லை. பேசனில் வந்த துருத் தண்ணீரைக் காட்டி அக்காவிடமே கதைத்தார்களாம்.

உங்கள் வீட்டில் வாகனம் இருந்தால், அல்லது பிள்ளை ஏறும் வான் தெரிந்தவருடையது என்றால், இன்றிரவு ஒரு காட்போட் மட்டையை அடியில் விரித்துவையுங்கள். காலையில் அது சொல்வதைப் பாருங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.