ஓநாய் செய்த பாவம் என்ன?

பரீட்சை முடிந்த கையோடு பையன் கம்ப்யூட்டரே கதி என்று கிடக்கிறானே என்று அலுத்துக்கொள்கிறீர்கள் அல்லவா? ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன விளையாட்டு கண்ணு இது?" என்று கேட்டுப் பாருங்கள். 'அஸாஸின்ஸ் க்ரீட் ஒடிஸி' என்பான். 2018-ல் வந்தது. பழைய கிரேக்க தேசத்துக் காடுமலைகளில் சுற்றி, லைக்கான் என்னும் ஓநாயை அதன் இருப்பிடத்திலேயே கொல்ல வேண்டும். கொன்றால் வெற்றி!

அந்த லைக்கான் யார் தெரியுமா? புராணத்தில் அவன் ஆர்க்கேடியா நாட்டு ராஜா. விருந்தாளியாக வந்த சீயஸ் மெய்யாகவே தெய்வம்தானா என்று சோதிக்க, நரமாமிசத்தைச் சமைத்துப் பரிமாறினான். சீயஸ் கோபங்கொண்டு அவனை ஓநாயாக்கிவிட்டார். பாவம் செய்தது மனிதன். பழி சுமப்பது ஓநாய்!

நம் அவிநாசிக் கதை இப்படியா? குளத்து முதலை பாலகனை விழுங்கியது. சுந்தரர் பதிகம் பாடினார். முதலை கரைக்கு வந்து பிள்ளையை உமிழ்ந்தது. முதலையை யாரும் கொல்லவில்லை. பிள்ளை கிடைத்தான், அதுவே போதும் என்று கதை முடிகிறது.

நிஜ ஓநாயின் வளைக்குள் என்ன இருக்கிறது? குடும்பம்தான் இருக்கிறது. நம் நாட்டு ஓநாய் குளிர்காலத்தில் மண்வளையிலோ பாறை இடுக்கிலோ குட்டி போடும். தாய் காவல் இருக்க, தகப்பனும் மூத்த பிள்ளைகளும் இரை தேடிப் போவார்கள். விழுங்கி வந்த இறைச்சியைக் கக்கிக் குட்டிகளுக்கு ஊட்டுவார்கள். நம் கூட்டுக் குடும்பங்கள் தோற்றன, போங்கள்!

ஆட்டுக்காரர்களுக்கு ஓநாயால் நஷ்டம் உண்டு, மறுப்பதற்கில்லை. அதனால் வெள்ளைக்காரர் காலத்தில் தலைக்கு இவ்வளவு என்று இனாம் கொடுத்தே அதைக் கொல்ல வைத்தார்கள். 1972-ல்தான் சட்டம் அதற்குப் பாதுகாப்பு அளித்தது. இன்று இந்தியத் துணைக்கண்டத்து ஓநாய்கள் சுமார் 3,000 என்பது ஆராய்ச்சியாளர் மதிப்பு. இதற்கிடையே நம் காங்கயம், சென்னிமலைப் பக்கம் அண்மை ஆண்டுகளில் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறியவை எவை தெரியுமா? தெருநாய்கள்!

ஆகவே, விளையாட்டைப் பிடுங்கி வைக்க வேண்டாம். ராத்திரி சோறு போடும்போது லைக்கான் கதையைச் சொல்லுங்கள். அப்படியே அந்த வளைக்குள் கண் திறக்காத குட்டிகளின் கதையையும் சொல்லுங்கள். பையன் மறுநாளும் விளையாடட்டும். நிஜக் காட்டில் ஒரு வளையைக் கண்டால், கல்லெடுக்காமல் ஒதுங்கிப் போக வேண்டும் என்ற புத்தி மட்டும் அவனுக்கு நாம் கொடுத்ததாக இருக்கட்டும்.