நவஹோ மண்ணில் மவுண்டன் பைக்: ஜிபிஎஸ் இருக்கும்போது கைடு எதற்கு?

சிவந்த பாறைகள், ஆள் அரவமே இல்லாத பாலைவனம், நடுவில் ஒற்றையடிப் பாதையில் பாயும் மவுண்டன் பைக். அமெரிக்காவின் நவஹோ பழங்குடி நிலத்தில் எடுத்த இந்த மாதிரி ரீல்ஸைப் பார்த்தால் யாருக்கும் கால் பரபரக்கும். விசாரித்தால், பல இடங்களில் 'பர்மிட் வேணும், கைடு கூட வரணும்' என்கிறார்கள். 'ஜிபிஎஸ் இருக்கே, இது காசு பிடுங்குற வேலைதானே?' என்று தோன்றலாம். ஆனால், இந்தக் கறார் நியாயமானதுதான்.

அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா என மூன்று மாகாணங்களில் சுமார் 70,000 சதுர கிலோமீட்டருக்கு விரிந்திருக்கிறது நவஹோ நேஷன். தனி அரசு, தனி போலீஸ், தனி நீதிமன்றம். கோடையில் மற்ற அரிசோனாவைவிடக் கடிகாரம்கூட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும் (டூர் போகிறவர்கள் இதில்தான் கோட்டை விடுவார்கள்).

இந்த மண் சும்மா கிடைத்ததில்லை. 1864-ல் அமெரிக்க ராணுவம் ஆயிரக்கணக்கான நவஹோ மக்களை இங்கிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடத்தியே கொண்டுபோய் அடைத்துவைத்தது. வழியிலும் முகாமிலும் பலர் இறந்தார்கள். 1868-ல் ஒப்பந்தம் போட்டுத்தான் ஊர் திரும்பினார்கள். அடுத்து யுரேனியம். 1944 முதல் 1986 வரை சுமார் 3 கோடி டன் தாதுவைத் தோண்டி எடுத்தார்கள். மிச்சம், கைவிடப்பட்ட 500-க்கும் மேற்பட்ட சுரங்கங்கள். வெளியாட்கள் வந்து போனால் என்ன ஆகும் என்று இவர்களுக்குத் தெரியாதா என்ன?

தவிர, ரீல்ஸில் 'காலி இடம்' போலத் தெரிவது பெரும்பாலும் ஏதோ ஒரு குடும்பம் ஆடு மேய்க்கும் நிலம். பல பாதைகள் ஆடும் குதிரையும் நடந்து உருவானவை. பாலை மண்ணின் மேலே நுண்ணுயிர்கள் கட்டிய கறுப்பான பொருக்கு ஒன்று இருக்கும். அதுதான் மண் காற்றில் பறக்காமல் பிடித்துவைக்கிறது. ஒரு டயர் ஏறினால் போச்சு, பழையபடி ஆகப் பல வருடங்கள் பிடிக்கும். மழைக்காலத்தில் ஆபத்தும் உண்டு. 1997 ஆகஸ்டில் ஆன்டிலோப் கேன்யனில் திடீர் வெள்ளம் 11 பேரைக் கொண்டுபோனது. மழை பெய்ததோ பல கிலோமீட்டர் தள்ளி. இதையெல்லாம் மேப் சொல்லாது.

செலவு கூடும் என்பது உண்மைதான். நினைத்த இடத்தில் பைக்கைத் திருப்பவும் முடியாது. அந்தச் சுதந்திரம்தான் வேண்டும் என்பவர்களுக்குப் பக்கத்திலேயே யூட்டாவின் மோவாப் இருக்கிறது. பொது நிலம், கைடு இல்லாமலே ஓட்டலாம். நவஹோ மண்தான் வேண்டும் என்றால், புக் செய்யும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். பர்மிட் யார் வாங்கியது? கைடு அந்த ஊர்க்காரரா? வெளியூர் கம்பெனி வெளியூர் கைடை வைத்து நடத்தும் டூரில், மண் மட்டும்தான் நவஹோவுடையது.

கூடவே, டயர் ட்யூபுக்குள் பஞ்சர் அடைக்கும் சீலன்ட் ஊற்றிக்கொள்வது நல்லது. அங்கே டயரைப் பதம் பார்க்கும் முள் வேறொன்றுமில்லை, நம்மூர் நெருஞ்சியேதான்.