எல்லா வயிற்று வலியும் கேஸ் இல்லை



நான் மருத்துவர் அல்ல. உங்களுக்கு உயிரியல் நடத்தியவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

மேல் வயிறு வலித்தால் நம் வீடுகளில் உடனே 'கேஸ்' என்போம். சோடா, ஓமத் தண்ணீர், ஒரு மாத்திரை. பல நேரம் சரியாகியும் விடும். கணைய அழற்சிக்கு இது உதவாது.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் இருக்கிறது. அதனால்தான் இந்த வலி முதுகுக்குப் பாய்கிறது. மல்லாந்து படுத்தால் கூடும். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுக் குறையும். வாந்தி எடுத்தாலும் விடாது. காய்ச்சல், படபடப்பு, வயிற்று உப்புசம் சேரலாம். இப்படி இருந்தால் சாப்பிட எதுவும் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மாரடைப்பும் சிலருக்கு மேல் வயிற்று வலியாகவே வரும்.

அங்கே நர்ஸ் கேட்பார்: வலி எப்போது தொடங்கியது? பித்தப்பையில் கல் உண்டா? என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? குடிப்பழக்கம் உண்டா?

கடைசிக் கேள்விக்குத்தான் நாம் பொய் சொல்கிறோம். "என் பிள்ளை அதைத் தொடவே மாட்டான்" என்று அம்மா சொல்வார். மனைவி பேசாமல் நிற்பார். இந்தப் பொய்யால் குடும்ப மானம் காப்பாற்றப்படுவதில்லை. இந்த நோய்க்குப் பித்தக்கல்லும் மதுவும்தான் முக்கியக் காரணங்கள். மேலும், தினமும் குடிப்பவருக்குத் திடீரென அது நின்றால் இரண்டு மூன்று நாளில் கைநடுக்கம், மனக்குழப்பம், வலிப்புகூட வரலாம். முன்பே தெரிந்தால்தான் அதற்குத் தயாராக இருக்க முடியும்.

நர்ஸாக வேலை பார்க்கும் என் மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் கேள்வியை உறவினர் கூட்டத்தின் நடுவே கேட்காதீர்கள். நோயாளியிடம் தனியாக, குரலைத் தாழ்த்திக் கேளுங்கள். 'குடிகாரர்' என்று முத்திரையும் குத்தாதீர்கள். குடியே அறியாதவர்களுக்கும் பித்தக்கல்லால், ட்ரைகிளிசரைடு மிக அதிகமானதால் இது வரும். தொப்புளைச் சுற்றியும் விலாவிலும் நீலம் பாரிக்கும் என்று படித்திருப்பீர்கள். அது அரிது, வந்தாலும் தாமதமாகவே வரும். அதற்காகக் காத்திருக்காமல் நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, சிறுநீர் அளவு ஆகியவற்றைத் திரும்பத் திரும்பப் பாருங்கள்.

மற்றவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: நர்ஸ் கேட்டால் மறைக்காதீர்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்