ஆயுளில் ஒரே ஒரு தடவை! விமானி ஆக விரும்பும் பிள்ளைக்கு வரும் சோதனை

சீர்காழியில் இருந்து தஞ்சாவூர் ஏறத்தாழ 100 கிலோ மீட்டர் தூரம். மாயவரம், கும்பகோணம் வழியாகப் பஸ்ஸில் போனால் 3 மணி நேரம் ஆகும்.

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் "சுகோய்-30" என்ற போர் விமானங்கள் இருக்கின்றன. ஒலியை விட வேகமாகப் பறக்கக்கூடியவை. முழு வேகத்தில் பறந்தால் இந்தத் தூரத்தை 3, 4 நிமிடத்தில் கடந்துவிடும்!

2020-ம் ஆண்டு ஜனவரி 20-ந் தேதி, 222-வது விமானப் படைப்பிரிவு இந்த விமானங்களுடன் தஞ்சாவூரில் அமைக்கப்பட்டது. "புலிச்சுறா" என்பது அந்தப் படைப்பிரிவின் பெயர்.

"நம்ம பையன் அதை ஓட்ட முடியுமா?" என்று நாற்றுப் பறிக்கிற ஒரு தாய் கேட்டால் என்ன பதில் சொல்வது?

முடியும். ஆனால், வழியில் ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலை வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் தட்டலாம். அது என்ன வாசல் என்று தெரிந்துகொண்டு தட்ட வேண்டும். தெரியாமல் தட்டினால் கனவும் போகும். சில வீடுகளில் காணியும் போகும்!

விமானிகளுக்குப் பஞ்சம்

விமானப்படையில் விமானிகள் போதுமான அளவுக்கு இல்லை. இதை நாம் சொல்லவில்லை. மத்திய தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி சொல்லி இருக்கிறார். அவருடைய அறிக்கை 2024-ம் ஆண்டு டிசம்பர் மாதம் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது.

2015-ம் ஆண்டு பிப்ரவரியில் விமானப்படைக்கு 486 விமானிகள் குறைவாக இருந்தார்கள். குறையைப் போக்க, ஆண்டுக்கு 222 பேரைப் பயிற்சிக்குச் சேர்க்கத் திட்டம் போட்டார்கள். அத்தனை பேர் சேரவில்லை. 2021-ம் ஆண்டு முடிவில் பற்றாக்குறை 596 ஆகக் கூடிவிட்டது.

பயிற்சி விமானங்களில் ஏற்பட்ட கோளாறுகளையும் அந்த அறிக்கை சுட்டிக்காட்டியது. ஆகவே, பற்றாக்குறைக்கு ஆள் கிடைக்காதது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும், ஆள் வேண்டும் என்பது உண்மை.

"ஆள் வேண்டும் என்றால் சோதனையை எளிதாக்கிவிடலாமே!" என்று சிலர் கேட்கலாம். அது சரியா? சோதனை எப்படிப்பட்டது என்று பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.

கை, கால், கண், காது

டிராக்டர் ஓட்டுகிறவரைக் கவனித்து இருக்கிறீர்களா? கை ஸ்டீரிங்கில் இருக்கிறது. கால் கிளச்சை மிதிக்கிறது. கண் வரப்பைப் பார்க்கிறது. காது என்ஜின் சத்தத்தைக் கேட்கிறது. நான்கும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். ஒன்று தவறினால் சக்கரம் வரப்பில் ஏறிவிடும்.

விமானிக்கும் இதே வேலைதான். ஆனால் வேகம் பல மடங்கு. யோசிக்க நேரம் கிடையாது.

முன்பு இந்தத் திறமையைச் சோதிக்க 2 எந்திரங்கள் வைத்து இருந்தார்கள். ஒன்றில் ஒரு வெளிச்சப் புள்ளி அங்கும் இங்கும் ஓடும். கையால் ஒரு தடியையும், காலால் மிதிகளையும் அசைத்து, அந்தப் புள்ளியை நடுவில் உள்ள சதுரத்துக்குள் நிறுத்த வேண்டும். அதற்கு நடுவே விளக்கு எரியும், சத்தம் கேட்கும். அவற்றையும் உடனே அணைக்க வேண்டும். இன்னொரு எந்திரத்தில் ஓர் உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். அதில் வளைந்து வளைந்து போகும் புள்ளிகளை விடாமல் பின்தொடர வேண்டும்.

பின்னர் அந்த எந்திரங்களின் இடத்தில் கம்ப்யூட்டர் சோதனை வந்தது. நம் நாட்டின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமே அதை உருவாக்கியது.

இன்னொரு பகுதி, கருவிகளைப் பார்த்துப் படிப்பது. ஓர் உதாரணம் பாருங்கள். உயரம் காட்டும் கருவி கடிகாரம் போல இருக்கும். சின்ன முள் ஆயிரம் அடிகளைக் காட்டும். பெரிய முள் நூறு அடிகளைக் காட்டும். சின்ன முள் 3-க்கும் 4-க்கும் நடுவே நிற்கிறது. பெரிய முள் 5-ல் நிற்கிறது. விமானம் எவ்வளவு உயரத்தில் பறக்கிறது?

3 ஆயிரத்து 500 அடி. நிதானமாகப் பார்த்தால் யாரும் சொல்லிவிடலாம். சோதனையில், இதைப்போலப் பல கருவிகளைப் பார்த்து, நொடிக் கணக்கில் பதில் சொல்ல வேண்டும்.

ஏன் ஒரு தடவை மட்டும்?

சீர்காழி, தமிழிசை மூவரில் முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் வாழ்ந்த ஊர். இங்கே உள்ள பாட்டு வாத்தியாரைக் கேளுங்கள். பிள்ளை பாட்டுக் கற்க வந்ததும், "இந்தச் சுரத்தைப் பிடி, பார்ப்போம்" என்பார். பாடச் சொல்லிக் கொடுப்பதற்கு முன், காதில் சுருதி நிற்கிறதா என்று பார்ப்பார். ஒரே சுரத்தை 6 மாதம் பழகிக்கொண்டு வந்து பாடினால், பிள்ளையின் காது எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியாது.

விமானி சோதனையும் அப்படித்தான். திரும்பத் திரும்ப எழுதினால் மார்க்கு கூடும். ஆனால், திறமை கூடியதா, பழக்கம் கூடியதா என்று சொல்ல முடியாது. அதனால்தான் ஆயுளில் ஒரு தடவை என்று விதி வைத்து இருக்கிறார்கள். இதில் தவறியவர் விமானப்படையில் மீண்டும் விமானி வேலைக்கு வர முடியாது.

இரண்டாவது உலகப்போரின்போது அமெரிக்கர்கள் ஒரு பரீட்சை செய்து பார்த்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட வாலிபர்களுக்குச் சோதனை வைத்தார்கள். மார்க்கைப் பார்க்காமல் எல்லோரையும் விமானப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முடிவு என்ன? அதிக மார்க்கு வாங்கியவர்களில் பெரும்பாலோர் பயிற்சியை முடித்தார்கள். குறைந்த மார்க்கு வாங்கியவர்களில் பெரும்பாலோர் பாதியிலேயே வெளியேற்றப்பட்டார்கள்.

ஆகவே, சோதனையை எளிதாக்குவது சரி அல்ல. பயிற்சியில் தவறுகிறவன் வகுப்பறையில் தவறுவது இல்லை. வானத்தில் தவறுகிறான். அங்கே உயிர் இருக்கிறது.

எங்கே தொடங்குவது?

பிளஸ்-2 படிக்கும் பிள்ளைக்கு முதல் வழி, தேசிய பாதுகாப்பு அகாடமி. இது மராட்டிய மாநிலத்தில், புனே அருகே கடக்வாஸ்லாவில் இருக்கிறது.

இதற்கான எழுத்துப் பரீட்சையை மத்திய தேர்வாணையம் ஆண்டுக்கு 2 தடவை நடத்துகிறது. வயது 16½ முதல் 19½ வரை. விமானப்படைக்குப் போக, பிளஸ்-2 வகுப்பில் கணிதம், பௌதிகம், ரசாயனம் படித்து இருக்க வேண்டும். கணிதத்துக்கு 300 மார்க்கு. ஆங்கிலமும் பொது அறிவும் சேர்ந்த தாளுக்கு 600 மார்க்கு. தப்பான விடைக்கு மார்க்கைக் கழிப்பார்கள்.

அதில் தேறினால், தேர்வுக் குழு முன்பு 5 நாள் சோதனை. நமக்கு அருகில் உள்ளது மைசூர்க் குழு. முதல் நாளிலேயே ஒரு பகுதியினரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மற்றவர்களுக்கு மனோதத்துவச் சோதனை, குழுவாகச் சேர்ந்து செய்யும் வேலைகள், பேட்டி ஆகியவை நடக்கும். இதற்கு 900 மார்க்கு. இந்த 5 நாள் சோதனையில் தோற்றால், மறுபடியும் வரலாம். விமானி சோதனைக்குத்தான் மறு வாய்ப்பு இல்லை. இந்த வித்தியாசத்தை நன்றாக நினைவில் வையுங்கள்.

பட்டதாரிகளுக்கு வேறு வழி உண்டு. விமானப்படையே ஆண்டுக்கு 2 தடவை பொதுப் பரீட்சை நடத்துகிறது. விமானி வேலைக்கு வயது 20 முதல் 24 வரை.

பெண்களும் வரலாம். 2016-ம் ஆண்டு முதன்முதலாக 3 பெண்கள் போர் விமானிகள் ஆனார்கள். தேசிய பாதுகாப்பு அகாடமியின் கதவு 2022-ம் ஆண்டு பெண்களுக்குத் திறந்தது. அங்கே பயிற்சி பெற்ற முதல் பெண்கள் அணி 2025-ம் ஆண்டு மே மாதம் வெளியே வந்தது.

காணியை விற்காதீர்கள்

ஒரு தந்தை இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பையனுக்கு விமானி ஆசை. "எங்களிடம் எந்திரம் இருக்கிறது. 3 மாதம் பழக்கினால் பாஸ் நிச்சயம்" என்று ஒருவர் சொல்கிறார். தந்தை காணியை அடமானம் வைக்கப் பார்க்கிறார்.

அந்தத் தந்தைக்கு நாம் சொல்வது இதுதான்:

முதலில், பணம் செலவு இல்லாத சோதனைகளைச் செய்யுங்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் பையனின் கண்ணைக் காட்டுங்கள். நிறக்குருடு இருந்தால் விமானி ஆக முடியாது. உயரம் ஏறத்தாழ 5 அடி 4 அங்குலமாவது வேண்டும். விமானத்தின் இருக்கையில் பொருந்த வேண்டும் அல்லவா? அதனால் கால் நீளத்தையும், உட்கார்ந்த நிலையில் உள்ள உயரத்தையும் அளப்பார்கள். இந்த விவரங்கள் 10 வயதிலும் 15 வயதிலும் பல குடும்பங்களுக்குத் தெரிவது இல்லை. பணத்தைக் கட்டிய பிறகு தெரிகிறது!

அடுத்து, பழகக்கூடியதைப் பழகட்டும். கணிதம் பழகலாம். ஆங்கிலம் பழகலாம். ஓட்டம், விளையாட்டு, பத்துப் பேர் நடுவே பேசுவது எல்லாம் பழகலாம். கருவிகளின் படத்தைப் பார்த்து முள்ளைப் படிப்பதும் பழகலாம். கை, கால், கண் ஒன்றாக ஓடும் இயல்பை யாரும் 3 மாதத்தில் விற்க முடியாது. சோதனைக்கு முதல் நாள் நல்ல தூக்கம் வேண்டும். காய்ச்சலோடு போய் உட்காரக்கூடாது.

அகாடமியில் சேர்ந்துவிட்டால் படிப்பு, சாப்பாடு, உடை, தங்கும் இடம், வைத்தியம் எல்லாம் சர்க்கார் செலவு. தேர்வுக் குழுவுக்கு முதல் தடவை போகிறவருக்கு ரெயில் கட்டணமும் திருப்பித் தருகிறார்கள். காணியை விற்க வேண்டிய இடம் எங்கே இருக்கிறது?

இளம் வயதிலேயே தொடங்க விரும்பினால், உடுமலைப்பேட்டை பக்கம் அமராவதிநகரில் சைனிக் பள்ளி இருக்கிறது. 1962-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. 6-ம் வகுப்பு நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம்.

கடைமடைக்குத் தண்ணீர்

இங்கேதான் ஒரு கேள்வி பிறக்கிறது. 6-ம் வகுப்பில் தமிழில் எழுதலாம். ஆனால் பிளஸ்-2 முடித்து அகாடமிப் பரீட்சை எழுதும்போது, கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது.

விமானிக்கு ஆங்கிலம் வேண்டும். வானத்தில் பேசும் மொழி அதுதான். இதை மறுக்க முடியாது. ஆனால், அகாடமியில் 3 ஆண்டு படிப்பு இருக்கிறது. ஆங்கிலத்தை அங்கே வளர்க்கலாம். கணக்கு வருமா என்பதைத் தாய்மொழியில் கேட்டால் என்ன குறைந்துவிடும்? மத்திய ஆயுதப் போலீஸ் படைகளின் கான்ஸ்டபிள் பரீட்சை 2024-ம் ஆண்டு முதல் தமிழிலும் நடக்கிறது. சிப்பாய்க்கு உள்ள வசதி அதிகாரி ஆக விரும்பும் ஏழைப் பிள்ளைக்கு ஏன் கூடாது?

மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள் என்ற செய்தி வரும். சீர்காழி கடைமடை. வாய்க்காலைத் தூர் வாரினால்தான் இங்கே தண்ணீர் வந்து சேரும். விமானி வேலையும் அப்படியே. குறை மதகில் இல்லை, வாய்க்காலில் இருக்கிறது. சோதனை கடுமையாகவே இருக்கட்டும். சோதனை என்ன என்ற செய்தி, 9-ம் வகுப்புப் பிள்ளைக்குப் போய்ச் சேர வேண்டும். பள்ளிக்கூடங்களும், தேசிய மாணவர் படையும் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

தமிழ்ப் பிள்ளையால் முடியாதது அல்ல இது. சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் தேசிய பாதுகாப்பு அகாடமியில் படித்தவர். இந்தியாவின் விண்வெளிப் பயணத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 4 விமானிகளில் அவர் ஒருவர். 2024-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி அவர் பெயர் அறிவிக்கப்பட்டது.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. விமானி சோதனையில் தவறினால், அது அவமானம் அல்ல. கை கால் ஓட்டத்தை அளந்தார்களே தவிர, பிள்ளையை அளக்கவில்லை. விமானப்படையிலேயே தரைப் பணி அதிகாரி வேலைகள் இருக்கின்றன. ராணுவம் இருக்கிறது. கடற்படை இருக்கிறது.

மைசூரில் இருந்து பையன் திரும்பி வரும்போது, "பாஸா, பெயிலா?" என்று வாசலிலேயே கேட்காதீர்கள். "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள்.