கடைசி மெசேஜ் எங்கே?

2020 ஏப்ரல் 1. ஊரடங்கால் தெருவோர டூவீலர் பட்டறைகள் பூட்டிக் கிடந்தன. அதே நாளில்தான் இந்தியாவில் பி.எஸ்.6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. மறுபடி கடை திறந்தபோது, மெக்கானிக்குகளின் தொழிலே மாறத் தொடங்கியிருந்தது.

அதுவரை பெரும்பாலான பைக், ஸ்கூட்டர்களில் இருந்தது கார்புரேட்டர். ஒரு ஸ்க்ரூ டிரைவரும், இன்ஜின் சத்தம் கேட்டுப் பழகிய காதும் இருந்தால் ட்யூனிங் முடிந்துவிடும். புதிய வண்டிகளில் அந்த இடத்துக்கு ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை, சென்சார்கள் தரும் தகவலை வைத்து ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. கோளாறு வந்தால் மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியும். ஸ்கேனரைச் செருகினால் ஒரு கோடு எண் காட்டும்.

ஷோரூம் மெக்கானிக்குக்கு கம்பெனியே பயிற்சி தரும். சின்ன வயதில் ஸ்பேனர் பிடித்து, பார்த்துப் பார்த்தே தொழில் பழகிய தெருமுனை மெக்கானிக்குக்கு யார் சொல்லித் தருவது? கடையைப் பூட்டிவிட்டு வகுப்புக்குப் போனால் அன்றைய வருமானம் போச்சு. அவருக்குக் கைகொடுத்தவை யூடியூபும் வாட்ஸ்அப் குரூப்பும்தான்.

இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. எந்த பாகம் எங்கே இருக்கிறது, எப்படிக் கழற்றுவது என்பதை வீடியோ காட்டும். புரியாத இடத்தில் நிறுத்தி, வேகத்தைக் குறைத்து, நாலு தடவை பார்க்கலாம். ஆனால், எதிரில் நிற்கிற வண்டியின் கோளாறு வீடியோவுக்குத் தெரியாது. அதற்குத்தான் குரூப். டைப் அடிக்கத் தெரியாவிட்டாலும் வாய்ஸ் மெசேஜ் போட்டால் போதும்.

“அண்ணே, வண்டி இழுக்க மாட்டேங்குது. ஸ்கேனர்ல த்ராட்டில் சென்சார்னு காட்டுது. மாத்திடவா?”

“அவசரப்படாதே தம்பி. முதல்ல கப்ளரைக் கழட்டிப் பாரு, பச்சை பிடிச்சிருக்கும். அப்புறம் வயரை மீட்டர் வெச்சு செக் பண்ணு.”

இந்தப் பதிலில் ஒரு முழுப் பாடமே இருக்கிறது. ஸ்கேனர் காட்டும் கோடு, எந்தப் பக்கம் தேட வேண்டும் என்றுதான் சொல்கிறது. சென்சார் போய்விட்டது என்று சொல்வதில்லை. வயர் அறுந்திருந்தாலும் அதே கோடு வரலாம். இது தெரியாமல் நல்ல சென்சாரைக் கழற்றி எறிந்தால் வாடிக்கையாளருக்குத் தண்டச் செலவு, மெக்கானிக்குக்குக் கெட்ட பெயர்.

சிக்கல் இதற்குப் பிறகுதான் வருகிறது. கேள்வி கேட்டதும் பத்துப் பேர் பத்து யோசனை சொல்வார்கள். வண்டி சரியானதும் கேட்டவர் ஒரு கும்பிடு இமோஜி போட்டுவிட்டுப் போய்விடுவார். பத்தில் எது பலித்தது? யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் இன்னொருவர் அதே கேள்வியோடு வருவார். அதே பத்து யோசனைகள் மறுபடி ஓடும். தப்பான யோசனையும் சரியான யோசனை மாதிரியே உலா வரும்.

ஆகவே, குரூப்பில் விலைமதிப்பு மிக்கது கடைசி மெசேஜ்தான். வண்டி மாடலும் வருடமும் என்ன, என்ன கோளாறு, எதையெல்லாம் பார்த்தும் சரியாகவில்லை, கடைசியில் எது காரணம் என்ற நாலு விஷயத்தையும் அரை நிமிட வாய்ஸில் சொல்லிவிடலாம். கேட்பவர்கள் அதை ‘ஸ்டார்’ போட்டு வைத்துக்கொண்டால், ‘குட்மார்னிங்’ படங்களுக்கு நடுவே தொலைந்துபோகாது. பட்டறையில் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைத்தால் இன்னும் நல்லது. புதிதாகச் சேரும் பையனுக்கு அதுவே பாடப்புத்தகம்.

இரண்டு எச்சரிக்கைகள். வாடிக்கையாளரின் ஆர்.சி. புக், நம்பர் பிளேட் படங்களை குரூப்பில் போடக் கூடாது. எலெக்ட்ரிக் வண்டியின் பேட்டரியை வெறும் வீடியோ பார்த்துப் பிரிக்கவே கூடாது. அதை, தெரிந்தவர் பக்கத்தில் நின்று கற்றுத் தர வேண்டும்.

டெய்லர், பியூட்டீஷியன், ஏ.சி. மெக்கானிக், அக்கவுன்ட்ஸ் பார்ப்பவர் என எல்லாத் தொழிலிலும் இன்று ஒரு குரூப் இருக்கிறது. கேள்வி கேட்க யாரும் தயங்குவதில்லை. பதில் கிடைத்தவர், “கடைசியில் இதுதான் காரணம்” என்று திரும்பி வந்து சொல்கிறாரா என்பதைப் பொறுத்துத்தான், அந்த குரூப் பள்ளிக்கூடமா, வெறும் அரட்டைத் திண்ணையா என்பது தெரியும்.