பலகை மாறினால் போதுமா?

ஜூன் 12-ல் திறப்பதுதான் மேட்டூர் அணையின் வழக்கம். 2024-ல் அன்று திறக்கும் அளவுக்கு அணையில் தண்ணீர் இல்லை. கர்நாடகத்தில் மழை வலுத்த பிறகு, ஜூலை 28-ல்தான் டெல்டா பாசனத்துக்குத் திறந்தார்கள். இரண்டே நாளில், ஜூலை 30 அன்று, அணை 120 அடியைத் தொட்டு நிரம்பிவிட்டது. "தண்ணீர் போதுமா?" என்ற கவலை போய், "கரையோர மக்கள் மேட்டுக்குப் போயாச்சா?" என்ற கவலை வந்தது.

வேலை இப்படித் தலைகீழாக மாறும்போது, அதைச் செய்பவர்கள் ஒரே அலுவலகத்தில் இல்லை. அணையும் மதகுகளும் நீர்வளத்துறையின் பொறுப்பு. அணை மின்நிலையமும் சுரங்க மின்நிலையமும் மின்துறையின் கையில். எச்சரிக்கை, முகாம் எல்லாம் வருவாய்த்துறை. நாற்றங்காலுக்கு வழிகாட்டுவது வேளாண்மைத்துறை.

பாசனத்துக்கு விடும் தண்ணீர் டர்பைன்களைச் சுழற்றிவிட்டுத்தான் ஆற்றில் இறங்குகிறது. மின்நிலையங்கள் வாங்கும் அளவுக்கு மேல் வரும் வெள்ளம் 16 கண் மதகு வழியே போகும். எவ்வளவு தண்ணீர் எந்த வழியில் என்பதை இரண்டு துறையும் பேசித்தான் முடிவு செய்ய முடியும்.

இதற்கிடையில் துறைகளும் மாறின. 2010-ல் மின்வாரியம் பிரிந்தது. 2021-ல் பொதுப்பணித்துறையிலிருந்து நீர்வளத்துறை தனியானது. 2024-ல் மின் உற்பத்தி, விநியோகம், பசுமை ஆற்றல் என மின்துறை மறுபடி பிரிந்தது. வாசலில் பலகை மாறியது. அணைக்குள் வரும் தண்ணீர் மாறவில்லை. ஒரு பிரிவு இரண்டாகும்போது, நேற்றுவரை ஒரே அறையில் பேசித் தீர்த்த விஷயம் இரண்டு அலுவலகங்களுக்கு நடுவில் விழுந்துவிடும். அதை யார் எடுப்பது என்று முதல் நாளே சொல்லிவைப்பதுதான் தலைமையின் வேலை.

மேட்டூரிலிருந்து எந்த அலுவலகமும் எடுத்துக்கொள்ளக்கூடியவை மூன்று.

ஒன்று, முன்னுரிமை. இங்கே குடிநீரும் பாசனமும் முதலில். மின்சாரம் கூடவே கிடைக்கும் லாபம். மின்சாரத்துக்காக மட்டும் அணையைத் திறப்பதில்லை. எது முதலில் என்று தெரிந்துவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

இரண்டு, பொதுவான கணக்கு. நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் ஆகிய மூன்றையும் எல்லாத் துறையும் ஒரே அளவாகப் பார்க்கிறது. விற்பனைப் பிரிவு ஒரு கணக்கும் கிடங்கு ஒரு கணக்கும் வைத்திருந்தால், கூட்டம் எத்தனை போட்டாலும் பேச்சு முடியாது.

மூன்று, முன்கூட்டியே தகவல். மதகைத் திறந்த பிறகு எச்சரிக்கை கொடுத்துப் பயனில்லை. ஆற்றில் துணி துவைப்பவருக்கும் பரிசல் ஓட்டுபவருக்கும் கரையேற நேரம் வேண்டும். அலுவலகத்திலும் அப்படித்தான். முடிவெடுத்துவிட்டு அடுத்த பிரிவுக்கு மெயில் அனுப்புவதை யாரும் ஒத்துழைப்பு என்று சொல்ல மாட்டார்கள்.

உங்கள் அலுவலகத்திலும் பிரிவுகளைப் பிரிக்கிறார்கள், சேர்க்கிறார்கள் என்றால், புதிய பொறுப்புப் பட்டியலில் உங்கள் பெயரைத் தேடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பக்கத்துப் பிரிவில் ஒருவரிடம் போய், "எங்க வேலையில எது லேட்டானா உங்களுக்குக் கஷ்டம்?" என்று கேளுங்கள். வரும் பதிலைக் குறித்துவைத்து, அதை யார் பார்ப்பது என்று அன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள்.